வெண்டர் "கிளியர்" என்கிறார், கைரேகை ஏன் மறுபடி? அமெரிக்க அரசு கணினி வேலையும் குற்றப் பின்னணிச் சோதனையும்: ஒரு இணைய மன்ற உரையாடல்

2025 மார்ச் 3, காவிரிக்கரை

அமெரிக்காவுல ஒரு மாநில வரித்துறைக்கு கான்ட்ராக்ட் வேலை, டேட்டாபேஸ் பக்கம். ஆஃபர் வந்தாச்சு. வெண்டர், அதாவது என்னை அங்க வேலைக்கு அனுப்பற கம்பெனி, பேக்ரவுண்ட் செக் முடிச்சு "கிளியர்"னு மெயிலும் போட்டுட்டாங்க. இப்ப துறையில இருந்து தனியா கைரேகை கேட்கிறாங்க. எதுக்கு இரண்டாவது தடவை? 2014-ல ஒரு கடைத் தகராறுல கைது, கோர்ட்ல கேஸ் தள்ளுபடி. வெண்டர் ரிப்போர்ட்ல அது வரவே இல்ல. அதனால துறைப் படிவத்துலயும் எழுத வேண்டாம்னு இருக்கேன். சரிதானே?

அப்புறம் பொதுவா ஒண்ணு. அமெரிக்க உளவு ரகசியங்களை வெளியிட்ட ஸ்னோடென் எல்லாச் சோதனையும் தாண்டித்தானே உள்ள போனார்? இதெல்லாம் வெறும் சடங்குன்னுதான் எனக்குத் தோணுது.

2025 மார்ச் 3, கோப்பாளர்

ஸ்னோடென் விஷயத்தைப் பிறகு பார்க்கலாம். "எழுத வேண்டாம்" என்ற யோசனையை முதலில் விடுங்கள்.

படிவத்தில் கேள்வி எந்தச் சொல்லில் இருக்கிறது என்று பாருங்கள். "எப்போதாவது கைது செய்யப்பட்டீர்களா" என்று கேட்டால் உங்கள் பதில் ஆம். "குற்றவாளி என்று தீர்ப்பானதா" என்று மட்டும் கேட்டால், தள்ளுபடி ஆனதற்குக் கோர்ட் தாள் இருக்கிறபோது, இல்லை. "கடந்த 7 ஆண்டுகளில்" என்று கேட்டால் 2014 அதற்குள் வராது. மூன்றும் மூன்று கேள்விகள். மாநிலத்துக்கு மாநிலம், துறைக்குத் துறை மாறும். அடுத்த வீட்டுக்காரர் போன வருஷம் என்ன எழுதினார் என்பது உங்களுக்கு உதவாது.

வெண்டர் செய்தது பெயரையும் பிறந்த தேதியையும் வைத்து ஒரு தனியார் கம்பெனி கோர்ட் பதிவுகளில் தேடிய சோதனை. அந்தக் கம்பெனிகளை ஃபேர் கிரெடிட் ரிப்போர்ட்டிங் சட்டம் கட்டுப்படுத்துகிறது. தண்டனையில் முடியாத கைது 7 ஆண்டு தாண்டிவிட்டால் ரிப்போர்ட்டில் போடக்கூடாது. ஆண்டுச் சம்பளம் 75,000 டாலரும் அதற்கு மேலும் உள்ள வேலைக்கு விலக்கு உண்டு. இருந்தும் பல கம்பெனிகள் போடுவதில்லை. 2014 விஷயம் அங்கே வராததற்கு இதுவே போதுமான காரணம். பதிவு அழிந்துபோனதாக நினைத்துவிடாதீர்கள்.

கைரேகை போகிற இடம் வேறு. முதலில் மாநிலத்தின் குற்றப் பதிவகம், அங்கிருந்து எஃப்.பி.ஐ. கைது செய்தபோது உங்கள் விரலை எடுத்திருந்தால் அந்த ரேகையோடு இது பொருந்தும். 7 ஆண்டுக் கணக்கு அங்கே கிடையாது.

2025 மார்ச் 3, இரவு, கோப்பாளர்

விட்டுப்போனது. எஃப்.பி.ஐ. பதிவை மாநில அரசு வேலைக்காகப் பார்க்க அனுமதிப்பது 1972-இல் வந்த பொதுச் சட்டம் 92-544. மாநிலம் அதற்கென்று தன் சட்டசபையில் ஒரு சட்டம் போட்டிருக்க வேண்டும். அந்தச் சட்டம் கைரேகையைக் கேட்க வேண்டும், யார் யாருக்குச் சோதனை என்று வகையைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும், அமெரிக்க அட்டர்னி ஜெனரல் தரப்பு அதை ஏற்க வேண்டும். "கணினியைத் தொடும் எல்லோரும்" என்று அகலமாக எழுதினால் திரும்பி வரும். அதனால்தான் மாநிலங்களில் "வரித் தகவல் உள்ள அமைப்புகளை அணுகும் ஊழியர், கான்ட்ராக்டர்" என்று வகை வகையாகப் பிரித்துச் சட்டம் எழுதுகிறார்கள்.

இதில் உங்களுக்கு ஒரு நல்லது இருக்கிறது. எஃப்.பி.ஐ. ரிப்போர்ட் அரசுத் துறைக்குத்தான் போகும், தனியார் கையில் கொடுக்கக்கூடாது. வெண்டருக்குத் துறை சொல்வது தகுதி உண்டு, இல்லை என்ற அளவுதான். "எஃப்.பி.ஐ. ரிப்போர்ட்டை எங்களுக்கும் ஒரு காப்பி அனுப்புங்க" என்று வெண்டர் கேட்டால் அனுப்பும் கடமை உங்களுக்கு இல்லை.

2025 மார்ச் 4, காவிரிக்கரை

கேள்வி "எப்போதாவது கைது" தான். எழுதிடறேன். போன வருஷம் வேற ஒரு மாநிலத் துறைக்குக் கைரேகை கொடுத்தேனே, அதையே இவங்க எடுத்துக்கக் கூடாதா?

2025 மார்ச் 4, கோப்பாளர்

முடியாது. எந்தக் காரணத்துக்காக வாங்கினார்களோ அந்தக் காரணத்துக்கு மட்டும்தான் ரிப்போர்ட்டைப் பயன்படுத்தலாம். ஒரு துறை இன்னொரு துறைக்குத் தூக்கிக் கொடுக்க இடமில்லை. புது கான்ட்ராக்ட் என்றால் புதிதாக விரல் வைக்க வேண்டியதுதான்.

வரித்துறை என்பதால், மத்திய வரித்துறையான ஐ.ஆர்.எஸ்.-இன் வெளியீடு 1075, அதாவது வரித் தகவலைப் பாதுகாக்கும் விதிநூல், உங்கள்மேல் பாயும். மத்திய வரித் தகவல் மாநிலத்துக்கு வருகிறது. அதைத் தொடுகிற எல்லோருக்கும், கான்ட்ராக்டர் உட்பட, மூன்று சோதனை. ஒன்று எஃப்.பி.ஐ. கைரேகை. இரண்டு, கடந்த 5 ஆண்டுகளில் நீங்கள் குடியிருந்த, வேலை பார்த்த, படித்த ஊர்களின் உள்ளூர் போலீஸ் பதிவு. மூன்று, இங்கே வேலை செய்யத் தகுதி இருக்கிறதா என்று பார்க்கும் ஐ-9 படிவமும் இ-வெரிஃபை என்ற அரசின் இணையச் சரிபார்ப்பும்.

தாமதம் பெரும்பாலும் இரண்டாவதில்தான். 5 ஆண்டில் நான்கு ஊர் மாறியிருந்தால் நான்கு போலீஸ் துறைக்குக் கடிதம் போகும், ஒவ்வொன்றுக்கும் தனிப் படிவம், தனிக் கட்டணம், சில இடத்தில் நேரில் வரச் சொல்வார்கள். குடியிருந்த முகவரிகளை மாதம் ஆண்டோடு முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வேலைக்காக இரண்டு மாதம் தங்கிய எக்ஸ்டெண்டட் ஸ்டே ஹோட்டலையும் விடாதீர்கள். முகவரிக்கும் வேலை செய்த ஊருக்கும் நடுவில் கணக்கு இடித்தால் அங்கேதான் கோப்பு நிற்கும்.

10 ஆண்டுக்கு ஒரு தடவை இதைத் திரும்பச் செய்ய வேண்டும் என்பது விதி.

2025 மார்ச் 4, பிற்பகல், கோப்பாளர்

திருத்தம். 10 ஆண்டு 2016 பதிப்பில் இருந்தது. 2021 நவம்பர் பதிப்பு அதை 5 ஆக்கிவிட்டது. மேலே எழுதியதை அப்படியே விடுகிறேன், திருத்தத்தோடு சேர்த்துப் படியுங்கள். பழைய துறைக் கையேடுகளில் இன்னமும் 10 என்றே இருக்கும். அதை நம்பி நிம்மதியாக இருக்க வேண்டாம்.

2025 மார்ச் 5, ரேகை

விரல் வைக்கிற பக்கத்தைப் பற்றி நான் சொல்கிறேன். கோப்பாளர் அந்தப் பக்கம் வரவே மாட்டார்.

இரண்டு வழி. லைவ்ஸ்கேன் என்றால் கண்ணாடிமேல் விரல் வைப்பது. அட்டை என்றால் எஃப்.டி.-258, 8 அங்குலத்துக்கு 8 அங்குலம், கறுப்பு மை. இரண்டிலும் 14 கட்டம்: பத்து விரலும் தனித்தனியாக உருட்டியது, அப்புறம் இரண்டு கையின் நான்கு விரல்கள் சேர்த்து அழுத்தியது, இரண்டு கட்டைவிரல். கடைசி நான்கு கட்டம் எதற்கு என்று கேட்பார்கள். உருட்டிய விரல்கள் சரியான கட்டத்தில்தான் இருக்கின்றனவா என்று ஒப்பிட. வலது நடுவிரலை மோதிரவிரல் கட்டத்தில் உருட்டிவிட்டால் அங்கே பிடிபடும், அட்டை திரும்பிவிடும்.

உருட்டுவது நகத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை, ஒரே தடவை. கட்டைவிரல் உடம்பை நோக்கி, மற்ற விரல்கள் உடம்பிலிருந்து வெளியே. கையைத் தளர விடுங்கள், அழுத்துவதை எடுப்பவர் பார்த்துக்கொள்வார். நீங்களே உதவுகிறேன் என்று அழுத்தினால் ரேகை அப்பிப்போகும்.

திரும்பி வருவதற்கு முக்கியக் காரணம் வறண்ட, தேய்ந்த விரல். பாத்திரம் அதிகம் தேய்க்கிறவர்கள், சிமென்ட் ரசாயனம் தொடுகிறவர்கள், வயதானவர்கள், இந்த ஊர் குளிரில் வெடித்த விரல்கள். போவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து தினமும் தேங்காய் எண்ணெயோ கிரீமோ தடவுங்கள். அன்றைக்குக் காலையில் தடவ வேண்டாம், வழுக்கும். கை வியர்க்கிறவர்கள் ஆல்கஹால் பஞ்சால் ஒவ்வொரு விரலுக்கும் முன் துடைத்துக்கொள்ளலாம். கல்யாணத்துக்கு மருதாணி வைத்த விரலோடு வராதீர்கள், ஆறட்டும்.

2025 மார்ச் 5, ரேகை

இன்னொன்று. ரேகை நன்றாக இருந்தும் மேலே எழுதுகிற விவரம் தப்பானால் பயனில்லை. நம் ஆட்களுக்கு வருகிற தப்புகள்:

பிறந்த இடக் கட்டத்தில் இரண்டெழுத்துக் குறியீடு. இந்தியாவுக்கு "ஐ, ஐ". "ஐ, என்" என்று போட்டால் அது இந்தியானா மாநிலம். எடுப்பவர் அவசரத்தில் தட்டிவிடுவார், திரையைத் திருப்பிக் காட்டச் சொல்லிப் பாருங்கள். குடியுரிமைக் கட்டத்திலும் அதே குறியீடு.

பிறந்த தேதி மாதம் முதலில். ஆகஸ்ட் 5-ஐ நாம் எழுதும் பழக்கத்தில் எழுதினால் மே 8 ஆகிவிடும்.

உயரம் மூன்று இலக்கம். ஐந்தடி ஏழு அங்குலம் என்றால் 507. சென்டிமீட்டரில் 170 என்று எழுதினால் ஒரு அடி எழுபது அங்குலம் என்றாகும். எடை பவுண்டில்.

ஒன்பது எழுத்துள்ள ஓ.ஆர்.ஐ. குறியீடு. ரிப்போர்ட் எந்தத் துறைக்குப் போக வேண்டும் என்பதை அதுதான் சொல்கிறது. துறை அனுப்பிய தாளில் இருப்பதை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். தப்பினால் ரிப்போர்ட் வேறு எங்கோ போய்ச் சேரும், இங்கே இவர்கள் காத்திருப்பார்கள். காரணக் கட்டத்தில் "வேலை" என்று மொட்டையாக எழுதினால் போதாது, மாநிலச் சட்டத்தின் பிரிவு எண் வேண்டும். அதுவும் துறையின் தாளில் இருக்கும்.

2025 மார்ச் 5, இரவு, கோப்பாளர்

ரேகை சொன்னதோடு பெயரையும் சேர்க்க வேண்டும். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் இல்லை. பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் இருந்தால் விசாவில் முதல் பெயர் இடத்தில் "எஃப்.என்.யு." விழுகிறது, பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம். பிறகு டிரைவிங் லைசென்ஸில் அப்பா பெயர் கடைசிப் பெயராகிறது, வங்கியில் இனிஷியல், சம்பளத் தாளில் வேறு வரிசை. படிவத்தில் "வேறு பெயர்கள்" என்ற கட்டம் இதற்குத்தான் இருக்கிறது. கல்யாணத்துக்கு முன்பிருந்த பெயர், எஃப்.என்.யு. வடிவம், இனிஷியலை விரித்த வடிவம், எல்லாம் எழுதுங்கள். மறைக்க ஒன்றுமில்லை என்பவர்கள்கூட இந்தக் கட்டத்தைக் காலியாக விடுகிறார்கள். பிறகு லைசென்ஸில் ஒன்று, ஐ-9-இல் ஒன்று என்று விளக்கக் கடிதம் எழுத வேண்டிவருகிறது.

ரேகை தரமில்லை என்று இரண்டு தடவை திரும்பினால், பெயரை வைத்துத் தேடும்படி துறை எஃப்.பி.ஐ.யிடம் கேட்கலாம். இரண்டாவது நிராகரிப்பிலிருந்து 90 நாளுக்குள் கேட்க வேண்டும். துறையில் ஆள் மாறி, கோப்பு மேஜையில் கிடந்து, 90 நாள் ஓடிவிட்டால் மறுபடி விரலிலிருந்து ஆரம்பம். நீங்களே தேதியைக் குறித்துவைத்து நினைவூட்டுங்கள். இரண்டாவது தடவை எடுக்கும்போது முதல் நிராகரிப்புத் தாளில் உள்ள டி.சி.என். எண்ணையும் கொடுங்கள். இது மறுபதிவு என்று தெரிய அந்த எண் வேண்டும். இல்லாவிட்டால் புது விண்ணப்பமாகக் கணக்காகும்.

பெயர்த் தேடலில் குமார், செல்வம், ராஜா மாதிரிப் பெயர்களுக்கு வேறு யாருடைய பதிவோ நம் பக்கம் வந்து நிற்கலாம். அதனால் ரேகை நன்றாக விழுவது நமக்கே நல்லது. விரல் பேசினால் பெயர்க் குழப்பம் இல்லை.

2025 மார்ச் 9, நெல்லைச்சீமை

கவுண்டி ஷெரிஃப் ஆபீஸ் ஹெல்ப் டெஸ்க் வேலைக்கும் இதே விதிதானா? அங்க சர்வர் ரூம் கூட்டுற அம்மாவுக்கும் கைரேகை எடுத்தாங்களாம். அவங்க கணினியையே தொடறதில்லையே.

2025 மார்ச் 9, கோப்பாளர்

அங்கே விதி வேறு. போலீஸ், ஷெரிஃப், 911 மையம், இவர்களுக்கு எஃப்.பி.ஐ.யின் சி.ஜே.ஐ.எஸ். (குற்றவியல் நீதித் தகவல்) பாதுகாப்புக் கொள்கை. அதில் அளவுகோல் பதவி இல்லை, அணுகல். குற்றப் பதிவுத் தகவலை மறையாக்கம் (என்கிரிப்ஷன்) இல்லாத நிலையில் துணையில்லாமல் பார்க்க முடிகிறவர், அல்லது அது இருக்கிற பாதுகாக்கப்பட்ட அறைக்குத் துணையில்லாமல் போக முடிகிறவர், யாராக இருந்தாலும் சோதனை. திரையில் ஒரு ரிப்போர்ட் திறந்திருக்கும், பிரின்டரில் ஒரு தாள் கிடக்கும். கூட்டுகிறவர் கண்ணிலும் அது படும், ஏ.சி. மெக்கானிக் கண்ணிலும் படும். சோதனை செய்யாதவர் என்றால் அறையில் இருக்கும் நேரம் முழுக்க ஒரு ஆள் கூடவே நிற்க வேண்டும்.

தண்டனை பெற்ற பெருங்குற்றம் இருந்தால் அணுகல் மறுப்பு, மாநிலத்தின் சி.ஜே.ஐ.எஸ். அதிகாரி விதிவிலக்காகப் பரிசீலிக்கலாம். வாரண்ட் நிலுவையில் இருந்தால் மறுப்பு. கைது மட்டும் இருந்து தண்டனை இல்லையென்றால், அந்த அதிகாரி பார்த்து முடிவு சொல்லும்வரை அணுகல் கிடையாது. கான்ட்ராக்டர் என்றால் பாதுகாப்புப் பின்னிணைப்பில் ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கையெழுத்துப் போட வேண்டும். கம்பெனி முதலாளி எல்லோருக்கும் சேர்த்து ஒரு கையெழுத்துப் போட்டால் செல்லாது.

வேலையில் சேர்ந்து 30 நாளுக்குள் சோதனை முடிய வேண்டும்.

2025 மார்ச் 10, கோப்பாளர்

30 நாள் என்றது பழைய பதிப்புகளின் சொல். இப்போது அணுகல் கொடுப்பதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். முன்பு "சேர்ந்துவிடு, ரிப்போர்ட் வரும்" என்று லாகின் கொடுத்துவிடுவார்கள். அந்த இடைவெளியை மூடிவிட்டார்கள். மூடியது சரி.

2025 மார்ச் 18, காவிரிக்கரை

எஃப்.பி.ஐ.கிட்ட என் ரிப்போர்ட்டை நானே கேட்டு வாங்கிப் பார்த்தேன். பயந்த மாதிரியே ஆச்சு. 2014 கைது இருக்கு, "பெருந்திருட்டு"ன்னு குற்றச்சாட்டு. கேஸ் தள்ளுபடி ஆனது எங்கயும் இல்ல. கைதோட நிக்குது. இப்ப என்ன பண்றது?

2025 மார்ச் 18, கோப்பாளர்

பார்த்தது நல்ல காரியம். 18 டாலர் செலவில் இதைவிட உபயோகமான தாள் கிடையாது. இந்த இழையில் இருக்கிற எல்லோரும் வேலைக்கு விண்ணப்பிக்கும் முன்பே வாங்கிப் பாருங்கள்.

உங்களுக்கு நடந்திருப்பது மிகச் சாதாரணம். கைது செய்கிறபோது போலீஸ் விரல் எடுக்கிறது, அது உடனே போய்விடுகிறது. வழக்கின் முடிவைக் கோர்ட் தனியாக மாநிலப் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டும், அங்கிருந்து எஃப்.பி.ஐ.க்குப் போக வேண்டும். இந்த இரண்டாவது ஓட்டம் அடிக்கடி அறுந்துபோகிறது. 2006-இல் அட்டர்னி ஜெனரல் நாடாளுமன்றத்துக்குக் கொடுத்த அறிக்கையிலேயே, எஃப்.பி.ஐ.யின் கைதுப் பதிவுகளில் ஏறத்தாழ பாதிக்குத்தான் இறுதி முடிவு இருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். அரைகுறைப் பதிவை வைத்து ஒருவருடைய பிழைப்பைத் தீர்மானிப்பது எனக்கு ஒருபோதும் ஒப்பாத விஷயம். சோதனை வேண்டும் என்று சொல்கிறவன் நான். அதனால்தான் பதிவு முழுசாக இருக்க வேண்டும் என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

செய்ய வேண்டியது:

வழக்கு நடந்த கோர்ட்டின் கிளார்க் அலுவலகத்தில் முத்திரையோடு சான்றளித்த முடிவுத் தாள் வாங்குங்கள். டிஸ்போசிஷன் என்று கேட்டால் புரிந்துகொள்வார்கள். இணையத்தில் எடுத்த பிரின்ட் அவுட் போதாது. வழக்கு எண் தெரியாவிட்டால் கைதான தேதியும் பிறந்த தேதியும் கொடுங்கள். பெயரை போலீஸ் எப்படி எழுத்துக்கூட்டியதோ அப்படித்தான் கோர்ட்டிலும் இருக்கும், எஃப்.பி.ஐ. ரிப்போர்ட்டில் உள்ள எழுத்தையே கொடுத்துத் தேடச் சொல்லுங்கள். மூன்று காப்பி வாங்குங்கள், ஒன்று உங்களிடமே இருக்கட்டும்.

ஒரு காப்பியை அந்த மாநிலத்தின் குற்றப் பதிவகத்துக்கு, பதிவைத் திருத்தக் கோரும் அவர்களுடைய படிவத்தோடு அனுப்புங்கள். மாநிலம் திருத்தினால் எஃப்.பி.ஐ.க்கும் அங்கிருந்து போகும். எஃப்.பி.ஐ.யிடம் நேரடியாகவும் ஆட்சேபம் சொல்லலாம், மேற்கு விர்ஜீனியாவில் கிளார்க்ஸ்பர்கில் இருக்கிறது அந்தப் பிரிவு. ஆனால் அவர்களும் பதிவைக் கொடுத்த மாநிலத்தைத்தான் திருப்பிக் கேட்பார்கள். அதனால் மாநிலத்தில் ஆரம்பிப்பதே குறுக்குவழி.

இன்னொரு காப்பியை நீங்கள் சேரப்போகும் துறைக்கு, ஒரு பக்க விளக்கத்தோடு. என்ன தேதி, என்ன குற்றச்சாட்டு, என்ன முடிவு, அவ்வளவுதான். கடைக்காரர் எப்படிப் பேசினார் என்ற கதை வேண்டாம்.

2025 மார்ச் 18, இரவு, கோப்பாளர்

கோர்ட்டில் கோப்பே இல்லை என்று சொன்னால்? இரண்டு விதமாக நடக்கும். அரசு வக்கீல் வழக்கே போடாமல் விட்டிருந்தால் கோர்ட்டில் ஒன்றும் இருக்காது. அப்போது அரசு வக்கீல் அலுவலகத்தில் "வழக்குத் தொடரவில்லை" என்ற கடிதம் வாங்க வேண்டும். பழைய கோப்பை அழித்திருந்தால், தேடினோம், பதிவில்லை என்று கிளார்க் முத்திரையோடு எழுதித் தருவார். இரண்டும் செல்லும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. போலீஸ் எழுதிய குற்றச்சாட்டும் கோர்ட்டில் நடந்த குற்றச்சாட்டும் ஒன்றாக இருக்காது. கைதில் பெருந்திருட்டு, கோர்ட்டில் அதைக் குறைத்து அபராதத்தோடு முடித்திருப்பார்கள். அதை "தள்ளுபடி" என்று எழுதினால் பொய்யாகிவிடும். தாளில் உள்ள சொல்லை அப்படியே எழுதுங்கள்.

உங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. மத்திய விதித்தொகுப்பு தலைப்பு 28, பிரிவு 50.12: கைரேகை எஃப்.பி.ஐ. பதிவோடு ஒப்பிடப்படும் என்று எழுத்தில் முன்பே சொல்ல வேண்டும். பதிவு தப்பு என்றால் திருத்த நியாயமான அவகாசம் கொடுக்காமல் அதை வைத்து வேலையை மறுக்கக்கூடாது. "திருத்தத்துக்கு விண்ணப்பித்திருக்கிறேன், அவகாசம் வேண்டும்" என்று துறைக்கு எழுத்தில் கொடுங்கள். வாய்ப் பேச்சாகச் சொன்னால் தேதி நிற்காது.

2025 மார்ச் 19, நெல்லைச்சீமை

பதிவை முத்திரையிட்டு மூடிட்டாங்கன்னா? எக்ஸ்பஞ்ச் ஆச்சுன்னா, அதாவது பதிவையே நீக்கிட்டாங்கன்னா, கேள்வியே இல்லைதானே?

2025 மார்ச் 19, கோப்பாளர்

இருக்கிறது. மாநிலம் மூடினாலும், எஃப்.பி.ஐ. காப்பியை எடுக்கச் சொல்லி மாநிலம் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் அங்கே அப்படியே இருக்கும். மூடப்பட்ட வழக்குக்கு "இல்லை" என்று பதில் சொல்ல அனுமதிக்கும் மாநிலச் சட்டங்கள் உண்டு. கோர்ட் உத்தரவில் என்ன சொல்லியிருக்கிறது என்று படியுங்கள். ஆனால் மத்திய அரசு வேலையில், ரகசிய அனுமதிக்கான எஸ்.எஃப்.-86 படிவம், மூடப்பட்டிருந்தாலும் எழுது என்று வெளிப்படையாகவே சொல்கிறது, சில குறிப்பிட்ட போதைப்பொருள் வழக்குகள் தவிர. மத்தியப் படிவத்தில் தெரிந்தே பொய் சொன்னால் தலைப்பு 18, பிரிவு 1001, 5 ஆண்டுவரை சிறை.

ஹெச்-1பி-யில் இருப்பவர்கள் இதையும் கவனியுங்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டு, கோர்ட் சொன்ன நிபந்தனையை முடித்தபின் மாநிலம் தள்ளுபடி செய்திருந்தாலும், குடிவரவுச் சட்டத்தின் கண்ணில் அது தண்டனையாகவே நிற்கலாம். குடித்துவிட்டு வண்டி ஓட்டிக் கைதானால், வழக்கு முடிவதற்கு முன்பே விசாவை ரத்துசெய்ய வெளியுறவுத் துறைக்கு வழி இருக்கிறது. நம்மவர்கள் அதை டிராஃபிக் டிக்கெட் மாதிரி நினைக்கிறார்கள். அது கைரேகை எடுக்கிற கிரிமினல் கைது. இந்த இரண்டிலும் குடிவரவு வக்கீலைக் கேட்காமல் எந்தப் படிவத்திலும் கை வைக்க வேண்டாம்.

2025 மார்ச் 23, கோப்பாளர்

பாக்கி வைத்த ஸ்னோடென்.

சோதனை சடங்கு என்றீர்கள். யோசித்துப் பார்த்தேன், பாதி ஒத்துக்கொள்கிறேன். அவருக்கு 2011-இல் மறுசோதனை செய்தது யு.எஸ்.ஐ.எஸ். என்ற தனியார் நிறுவனம். 2008-க்கும் 2012-க்கும் நடுவில் குறைந்தது 6,65,000 சோதனைகளை முழுசாகச் சரிபார்க்காமல் முடித்ததாகக் கணக்குக் காட்டியது என்று மத்திய அரசே அந்த நிறுவனத்தின்மேல் வழக்குப் போட்டது; 2015-இல் 3 கோடி டாலருக்குக் குறையாத தொகையை விட்டுக்கொடுத்துச் சமரசம் ஆனது. எண்ணிக்கைக்காகக் கோப்பை முடித்தால் சடங்குதான்.

ஆனால் ஒழுங்காகச் செய்த சோதனையும் நேற்றுவரை நடந்ததைத்தான் சொல்லும். குற்றப் பதிவே இல்லாதவர் நாளைக்கு என்ன செய்வார் என்று விரல் ரேகையில் எழுதியிருக்காது. 2008 ஜூலையில் சான் பிரான்சிஸ்கோ நகராட்சியின் ஃபைபர்வான் நெட்வொர்க்கை நிர்வகித்தவர் கடவுச்சொற்களைத் தர மறுத்துக் கைதானார். கடைசியில் மேயர் கவின் நியூசம் சிறைக்கே போய் வாங்கிவந்தார். 2010-இல் அந்த நிர்வாகிக்கு 4 ஆண்டுத் தண்டனை. அங்கே கேட்க வேண்டிய கேள்வி, ஒரு நகரத்தின் நெட்வொர்க் சாவி ஏன் ஒரே ஆளிடம் இருந்தது என்பது. அதற்கு எந்தக் கைரேகையும் பதில் சொல்லாது. நிர்வாகக் கணக்கு இரண்டு பேரிடமாவது இருப்பது, கடவுச்சொல்லை மூடிய உறையிலோ பெட்டகத்திலோ வைப்பது, வேலையை விட்டு நீக்குகிற அதே நேரத்தில் அணுகலையும் நீக்குவது, யார் எந்த வரிதாரர் கணக்கைத் திறந்தார் என்ற பதிவை வேறொருவர் படிப்பது, இவையெல்லாம் சோதனைக்குப் பக்கத்தில் நிற்க வேண்டியவை.

சோதனை எதைப் பிடிக்கும்? அடையாளத் திருட்டில் தண்டனை பெற்றவர் சோஷியல் செக்யூரிட்டி எண்கள் நிறைந்த டேபிளுக்கு முன் உட்காருவதைப் பிடிக்கும். வாரண்ட் இருக்கிறவரைப் பிடிக்கும். அது சின்ன வேலை இல்லை. வரி கட்டுகிறவர் தன் தகவலை விரும்பியா கொடுக்கிறார்? கொடுத்தே ஆக வேண்டும். வாங்கி வைத்திருக்கிறவருக்குப் பொறுப்பு உண்டு.

2025 மார்ச் 24, ரேகை

அதே பொறுப்பு சோதனைத் தகவலுக்கும் உண்டு என்று எழுதுங்கள். மத்திய பணியாளர் நிர்வாக அலுவலகத்தில் திருடுபோனதாக 2015-இல் தெரியவந்தது 2 கோடியே 15 லட்சம் பேருடைய பின்னணித் தகவல், 56 லட்சம் பேருடைய கைரேகையும் சேர்த்து. கடவுச்சொல்லை மாற்றலாம், விரலை மாற்ற முடியாது. ரேகை கொடுக்கும்போது, வேலை முடிந்தபின் வைத்திருப்பீர்களா, அழிப்பீர்களா என்று கேளுங்கள்.

2025 மார்ச் 24, கோப்பாளர்

சரியான இடத்தில் சொன்னீர்கள். வைத்திருப்பதற்கு ஒரு காரணமும் உண்டு: ராப் பேக். 2014-இலிருந்து எஃப்.பி.ஐ. தருகிற வசதி. மாநிலம் அதில் சேர்ந்திருந்தால், வேலையில் இருக்கிறவர் பிறகு எங்காவது கைதானால் துறைக்குத் தகவல் வரும். 5 ஆண்டு காத்திருக்க வேண்டியதில்லை. சேர்ந்திருக்கிறார்களா என்பதை நீங்கள் கையெழுத்துப் போடும் அறிவிப்புத் தாளிலேயே பார்க்கலாம்.

2025 ஏப்ரல் 16, காவிரிக்கரை

மாநிலப் பதிவகம் திருத்திட்டாங்க, துறையும் ஓகே சொல்லிட்டாங்க. மே மாசம் சேர்றேன். ஜூலைல ஊருக்கு வர்றேன், மூணு வாரம். அங்க இருந்து கொஞ்ச நேரம் லாகின் பண்ணி வேலை பார்த்துக்கலாம்தானே?

2025 ஏப்ரல் 16, கோப்பாளர்

கூடாது. வெளியீடு 1075-இன்படி மத்திய வரித் தகவலை அமெரிக்காவுக்கு வெளியிலிருந்து அணுகவே முடியாது. வி.பி.என். போட்டாலும், துறை லேப்டாப் ஆனாலும், சோதனையில் தேறியவர் ஆனாலும். மதுரையில் உட்கார்ந்து ஒரு கொயரி ஓட்டினாலும் மீறல்தான். உங்கள் மேனேஜர் "பரவாயில்ல" என்று சொன்னாலும் அவருக்கு அந்த அதிகாரம் இல்லை. லேப்டாப்பை அலுவலகத்திலேயே வைத்துவிட்டு வாருங்கள், விடுமுறையை விடுமுறையாகவே எழுதிக் கொடுங்கள். வேலைக்குத் தேவையில்லாமல் ஒருவருடைய வரிக் கணக்கைத் திறந்து பார்ப்பதே தனிக் குற்றம், ஓராண்டுவரை சிறை. வெளியே சொன்னால் 5 ஆண்டுவரை.

சேர்வதற்கு முன் ஒன்று செய்யுங்கள். இன்னொரு 18 டாலர் கட்டி எஃப்.பி.ஐ. ரிப்போர்ட்டை மறுபடி வாங்குங்கள். மாநிலம் திருத்தியது அங்கே ஏறியிருக்கிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். ஏறாமல் இருந்தால் அடுத்த கான்ட்ராக்டில் இதே மார்ச் மாதம் திரும்ப வரும்.

2025 மே 2, காவிரிக்கரை

வாங்கினேன். கைதுக்குக் கீழ "தள்ளுபடி"ன்னு தேதியோட இருக்கு. பிறந்த இடத்துல மட்டும் இந்தியானான்னு இருக்கு.

2025 மே 2, ரேகை

2014-இல் எடுத்தவர் "ஐ, என்" தட்டியிருக்கிறார். அதே மாநிலப் பதிவகத்துக்கு, பாஸ்போர்ட் காப்பியோடு, அதே படிவம். இந்தத் தடவை வேகமாக முடியும், வழி தெரிந்துவிட்டதே.